ஆறு ஓடும் வழியே ஆய்வு: வன்னியில் பல்கலைக்கழக அளவிலான இடர், சூழல் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை ஒழுங்கமைக்கும் முழுமையான வழிகாட்டி

வட இலங்கையின் வன்னி நிலத்தில், வவுனியா மாவட்டத்தின் நடுப்பகுதியில் தொடங்கும் கனகராயன் ஆறு முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து கிளிநொச்சிக்குள் வந்து, இரணைமடுக் குளத்தில் தேங்கி, மிச்சம் சுண்டிக்குளம் களப்பில் கலக்கிறது. ஆறு ஒன்று, மாவட்டச் செயலகங்கள் மூன்று. வழியிலுள்ள சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. காடு வனவளத் திணைக்களத்திடம், களப்பை ஒட்டிய தேசியப் பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்திடம். மேலே கனகராயன்குளத்தில் கொட்டிய மழை கீழே கண்டாவளையில் யாருடைய வீட்டுக்குள் ஏறும் என்பதை ஒரே பார்வையில் பார்ப்பது இவர்களில் எவருடைய அன்றாட வேலையும் அல்ல.

அந்தப் பார்வையைப் பல்கலைக்கழகம் தரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியில் இருக்கின்றன. அதே பல்கலைக்கழகத்தின் புவியியல், சமூகவியல், சட்டம், மீன்பிடியியல், சமுதாய மருத்துவம் ஆகிய துறைகள் யாழ்ப்பாணத்தில். 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்ட வவுனியா, பம்பைமடுவில் சூழல் விஞ்ஞானமும் கணினி விஞ்ஞானமும் கற்பிக்கிறது. ஆட்களும் அறிவும் இங்கேயே உண்டு. அவர்களை ஒரே வேலையில் இணைப்பதுதான் பாக்கி.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்ல வருவது இதுதான்: திட்டத்தைத் துறைகளை வைத்துப் பிரிக்காதீர்கள், ஆற்றை வைத்துப் பிரியுங்கள். "பொறியியலுக்கு ஒரு பங்கு, விவசாயத்துக்கு ஒரு பங்கு" என்று தொடங்கினால் கடைசியில் ஒரே அட்டைக்குள் எட்டுத் தனி அறிக்கைகள் வரும். மேல்நிலம், குளம், கீழ்வயல், களப்பு என்று பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்று துறையாவது சேர்ந்தால்தான் விடை வரும் என்று கேள்விகளை அமைத்தால் துறைகள் தாமாகவே ஒன்றையொன்று தேடிப் போகும்.

படி 1: கேள்வியைக் குளக்கட்டிலிருந்து எடுங்கள்

முன்மொழிவு எழுத உட்காருமுன், மாரிக்கால நெற்போகமான காலபோகத்தின் அறுவடை முடிந்த கையோடு ஆற்றின் தலைப்பிலிருந்து முகத்துவாரம் வரை ஒரு தடவை போய் வாருங்கள். பொறியியலாளர், சமூகவியல் விரிவுரையாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஒருவர் என எல்லோரும் ஒரே வாகனத்தில் போவது முக்கியம். வாகனத்துக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் திட்டத்தின் முதல் கூட்டம்.

யாரைச் சந்திப்பது? கமக்கார அமைப்பினர், கிராம அலுவலர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தினர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர். குளத்து நீரை வயலுக்கு விடும் துருசுக் கதவைத் திறந்து பூட்டும் தொழிலாளியை மறந்துவிடாதீர்கள். அந்தக் குளத்தின் குணம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கேள்விகள் வரும் (வான் என்பது குளத்தின் மிகுநீர் வெளியேறும் வழி):

"வான் திறந்து எத்தனை மணித்தியாலத்தில எங்கட பாலத்துக்கு மேலால தண்ணி போகும் எண்டு சொல்லுவியளோ?"

"வெள்ளம் வடிஞ்சாப் பிறகு கிணத்துத் தண்ணிய எப்பேலயிருந்து குடிக்கலாம்?"

"களப்பு முழுக்க நன்னீராப் போனா இறால் எப்ப திரும்பும்?"

இந்த மூன்றுமே முதல்தர ஆய்வுக் கேள்விகள். முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தைக் கணக்கிடப் பொறியியல் வேண்டும். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்குப் புவியியல் வேண்டும். தண்ணீர் வருமுன் யார் வெளியேறினார்கள், யார் மாட்டை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றார்கள் என்பதற்குச் சமூகவியல் வேண்டும். எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கக் கணினி விஞ்ஞானம் வேண்டும். ஒரு துறை விலகினாலும் விடை நொண்டும்.

இப்படியான கேள்வி ஏன் அவசரம் என்பதற்கு 2018 டிசம்பர் 21, 22 போதும். இரணைமடு புனரமைக்கப்பட்டுக் கையளிக்கப்பட்ட அதே மாதத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி விசாரணை வரை போனது. மேல்நிலத்தில் மணிக்கு மணி பெய்த மழை, குளத்துக்குள் வந்த நீர், வெளியே விட்ட நீர் ஆகிய மூன்றும் எல்லோரும் ஏற்கும் ஒரே பதிவில் இருந்தால் இப்படியான சர்ச்சையை ஆதாரத்தோடு தீர்க்கலாம். அதைவிட முக்கியமாக, அடுத்த தடவை கதவை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பவருக்கு அந்தப் பதிவு கைகொடுக்கும்.

மூன்று கேள்விகளுக்கு மேல் எடுக்காதீர்கள். யானை, மணல் அகழ்வு, காடழிப்பு எல்லாம் முக்கியம்தான், ஆனால் முதல் மாரியில் எல்லாவற்றையும் அளக்கப் போனால் ஒன்றும் உருப்படியாக அளக்கப்படாது.

படி 2: ஆட்களைச் சேர்ப்பது

ஒருங்கிணைப்பாளராகப் பீடாதிபதியைப் போடாதீர்கள். அவருடைய ஆதரவு வேண்டும், ஆனால் அவருக்கு நேரம் இல்லை. களத்துக்குப் போகக்கூடிய சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவரைத் தெரிந்து, அவருடைய கற்பித்தல் சுமையைக் குறைக்கும் முடிவை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த நேரம் பரீட்சைக் காலத்தில் காணாமற் போகும்.

தொடங்குமுன் எழுத்தில் தீர்க்க வேண்டியவை மூன்று. கட்டுரைகளில் யார் பெயர் எந்த ஒழுங்கில் வரும்? தரவு யாருக்குச் சொந்தம், எப்போது பொதுவில் போகும்? ஒருவர் புலமைப்பரிசிலில் வெளிநாடு போனால் அவர் பங்கை யார் ஏற்பது? நட்பாக இருக்கும்போது இதைப் பேசுவது சங்கடம். நட்பு கசந்த பிறகு பேசவே முடியாது.

மாணவர்களுக்கு ஒரு விதி வையுங்கள்: திட்டத்தின் கீழ் வரும் ஒவ்வோர் இறுதியாண்டு ஆய்வுக்கும் இரு பீடங்களிலிருந்து இரு மேற்பார்வையாளர்கள். பல்துறை என்ற சொல் உண்மையாவது இந்த இடத்தில்தான். பொறியியல் பீடத்தில் நாடெங்கிலுமிருந்து வந்த சிங்கள மொழி மாணவர்கள் பலர் படிக்கிறார்கள். அவர்களைத் தனிக் குழுவாக அனுப்பினால் ஊரில் பேச்சு நடக்காது. தமிழ் பேசும் ஒருவரோடு சோடி சேர்த்து அனுப்புங்கள். இரு பக்கத்துக்கும் நல்லது.

தொழில்நுட்பவியலாளரை முதல் நாளிலிருந்தே குழு உறுப்பினராக நடத்துங்கள், கட்டுரையில் அவர் பெயரும் வரட்டும். நவம்பர் மழையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பற்றரி மாற்றப் போவது அவர்தான்.

நிதியாளர் பிரிவுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். விலைமனுக் கோரல், ஒப்புதல், இறக்குமதி என்று மாதங்கள் ஓடும். மார்ச்சில் கோரிக்கை போகாவிட்டால் மாரிக்கு முன் கருவி வராது. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு நிதி ஆகியவற்றுக்கு வெவ்வேறாக விண்ணப்பிக்கலாம், ஆனால் எல்லா விண்ணப்பத்திலும் பராமரிப்புக்கென்று தனிவரி இருக்கட்டும். என் கணிப்பில் கருவிக்கு ஒரு ரூபாய் என்றால் அதை மூன்று வருடம் உயிரோடு வைத்திருக்க இன்னொரு ரூபாய் வேண்டும்.

படி 3: அனுமதிகளும் நிலத்தின் பாதுகாப்பும்

மாவட்டச் செயலாளர்கள் மூவருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் போகட்டும். பிரதேச செயலகங்களுக்குப் பிரதி அனுப்புங்கள். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் உருவான இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அலகு உண்டு. அவர்களை வெறும் விருந்தினராக அழைக்காமல் வழிகாட்டற் குழுவில் உறுப்பினராக்குங்கள். குளக்கட்டில் எதையும் பொருத்த அந்தக் குளத்துக்குரிய திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். காட்டுக்குள் என்றால் வனவளம், பூங்காவுக்குள் என்றால் வனஜீவராசிகள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் பாதுகாப்பு அமைச்சும் கேட்கும் நடைமுறைகளை முடிக்காமல் பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள். இந்த மண்ணில் தலைக்கு மேல் பறக்கும் எதுவும் சனங்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். ஆகவே பறக்கவிடும் நாளையும் காரணத்தையும் முதல் நாளே ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

மக்களிடம் கேள்வி கேட்பதற்கு ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் குழுவில் ஒருவர் முழுதாக வாசித்திருக்க வேண்டும். சட்டத்துறை இந்தத் திட்டத்துக்குள் வருவதற்கு இது நல்ல வாசல்.

இனி, எந்தப் பாடநூலிலும் இல்லாத, வன்னிக்கே உரிய ஒரு விடயம். நிலத்தில் எதையும் தோண்டுமுன், கம்பம் நடுமுன், மண் மாதிரி எடுக்குமுன், அந்தத் துண்டு கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று உறுதிசெய்யுங்கள். மாவட்டச் செயலகமும் கண்ணிவெடி நடவடிக்கைக்குப் பொறுப்பான அலுவலகமும் வரைபடம் வைத்திருக்கின்றன. கையளிக்கப்பட்ட நிலத்திலும் வெடிக்காத பொருட்கள் வெளிப்படலாம். வெள்ளம் மண்ணை அரித்துவிட்டுப் போன இடம் நேற்றுவரை நடந்த இடம்தானே என்று நம்பி இறங்கக்கூடாது. மாணவர்களுக்குக் களப்பயிற்சியின் முதல் மணித்தியாலம் இதற்கே: தெரியாத உலோகத்தைத் தொடாதே, அடையாளம் வை, வந்த காலடியிலேயே திரும்பு, பொலிசாருக்குச் சொல்லு. இந்தப் பயிற்சி இல்லாத எவரும், பேராசிரியராக இருந்தாலும், களத்தில் இறங்கக்கூடாது என்று விதி போடுங்கள்.

படி 4: பழைய தரவைத் திரட்டுவது

வளிமண்டலவியல் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களங்கள், கமநல சேவை நிலையங்கள், வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பதிவு இருக்கும். முதலில் மரியாதையாகக் கேளுங்கள். சுணங்கினால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியாக வைத்திருங்கள். கூடி வேலை செய்ய வேண்டியவரிடம் முதற் கடிதமே சட்டக் கடிதமாகப் போனால் மனம் முறியும்.

வன்னியின் பதிவுகளில் போர்க்கால இடைவெளிகள் உண்டு. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை கொட்டியபோது இங்கு சனம் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் இருந்தது. அந்த நாட்களின் கிராம மட்டப் பதிவை எந்த அலுவலகத்தில் தேடுவது? இடைவெளியை நிரப்பச் செய்மதித் தரவுகள் ஓரளவு உதவும். 1981 முதலான மழை மதிப்பீடுகளும் 1980களிலிருந்து 30 மீற்றர் நுணுக்கத்திலான லான்ட்சாற் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மதிப்பீடு வேறு, அளவீடு வேறு. அட்டவணையில் இரண்டையும் வெவ்வேறு நிரலில் எழுதுங்கள்.

மீதி மனிதர்களிடம் இருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலைச் சிறுவயதில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையில் கடல் எதுவரை ஏறியது என்பதைக் கரையோரக் குடும்பங்கள் அடி பிசகாமல் காட்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி கரையைக் கடந்ததும், 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட டித்வாவும் எல்லோருக்கும் நினைவில் உண்டு. இடர்களை ஆண்டு வரிசையில் கேட்காதீர்கள். "மூத்தவள் பிறந்த வருசம்", "மீளக் குடியேறின முதல் மாரி" என்று வாழ்க்கையோடு சேர்த்துக் கேட்டால் காலம் துல்லியமாக வரும்.

படி 5: கருவிகளைப் பொருத்துவது

ஆனி முதல் ஆவணி வரை நிலம் காய்ந்திருக்கும்போது பொருத்துங்கள். சோளகம் வீசும் இந்த மாதங்களில் புழுதி தொல்லை தரும், ஆனால் வாகனம் எங்கும் போகும்.

மழை, நீர்மட்டம், நீரின் தரம் இவற்றோடு தொடங்கினால் போதும். மழைமானிகளில் பெரும்பங்கு மேல்நிலத்துக்குப் போகட்டும். வழமையாக நடப்பது இதற்கு எதிர்மாறு: பார்க்கச் சுலபம் என்று வளாகத்துக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மி.மீ. மழை விழுந்தால் ஒரு கோடி கன மீற்றர் தண்ணீர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் பேசும் அலகில் ஏறத்தாழ 8,100 ஏக்கர் அடி. அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு சிறு குளங்களில் தங்கும், எவ்வளவு இரணைமடுவுக்கு வரும் என்று மதிப்பிட, மழை விழுந்த இடத்திலேயே மானி இருக்க வேண்டும்.

தானியங்கி மானி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றும் இருக்கட்டும். அதைக் காலை 8.30க்கு வாசியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாள் அந்த நேரத்தில்தான் முடிகிறது. உங்கள் நாள் நள்ளிரவில் முடிந்தால் இரண்டு பதிவுகளும் ஒருபோதும் ஒத்துவராது.

தானியங்கி மானியின் உள்ளே இரண்டு சிறு கரண்டிகள் மாறி மாறிச் சாய்ந்து மழையை எண்ணுகின்றன. குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிட்டால் கரண்டி சாயாது. வெளியே அடைமழை, கணினியில் பூச்சியம். இலை விழுந்து புனல் அடைத்தாலும் இதே கதிதான். மழை இல்லாத நாளின் பூச்சியமும் கருவி செத்த நாளின் பூச்சியமும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே கருவி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று பற்றரி அளவோடு ஒரு செய்தி அனுப்பும்படி அமையுங்கள். புரட்டாதி கடைசியில் எல்லா மானிகளையும் கழற்றித் துப்புரவு செய்து, அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றி எண்ணிக்கை சரியா என்று பாருங்கள்.

நீர்மட்டத்துக்கு மீயொலி சென்சர் மலிவு. பாலத்தடியில் பூட்டினால் சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். ஒரு பொறி இருக்கிறது. சத்தத்தின் வேகம் வெப்பநிலையோடு மாறும்: ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.17 வீதம். தண்ணீர் 5 மீற்றர் கீழே இருக்கும்போது, நண்பகலுக்கும் விடியலுக்கும் இடையே 15 பாகை வித்தியாசம் வந்தால் 13 சென்ரிமீற்றர் பிழை வரும். ஆறு அசையாமல் கிடக்க, வரைபடத்தில் தினமும் ஏறி இறங்கும். வெப்பநிலைத் திருத்தம் உள்ள சென்சரை வாங்குங்கள், அதை நிழலில் பூட்டுங்கள். பக்கத்திலேயே அடி, அங்குலம், சென்ரிமீற்றர் எழுதிய நீர்மட்ட அளவுகோல் ஒன்றைத் தூணில் பூசுங்கள். மின்சாரமும் தொலைபேசியும் போன இரவில் டோர்ச் வெளிச்சத்தில் அதை வாசிக்க ஓர் ஆள் போதும்.

இன்னொன்று. இரணைமடுவில் "36 அடி" என்றால் எல்லோருக்கும் விளங்கும், அது குளத்தின் சொந்த அளவுகோல். ஆற்றுப் பாலத்தின் அளவுகோலுக்கும் அதற்கும் உறவு தெரியாவிட்டால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட முடியாது. நில அளவைத் திணைக்களத்தின் உயரக் குறிகளிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் மட்டம் எடுத்துவாருங்கள். அலுப்பான வேலைதான், புவியியல் மாணவர்களும் குடிசார் பொறியியல் மாணவர்களும் சேர்ந்து செய்யட்டும். இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயர வரைபடங்களில் பிழை சில மீற்றர் வரை போகும். கண்டாவளை, ஊரியான், முரசுமோட்டைப் பக்கத் தட்டை நிலத்தில் ஒரு மீற்றர் என்பது ஊர் தப்புவதற்கும் மூழ்குவதற்கும் இடையிலான வித்தியாசம்.

திருட்டு, குரங்கு, யானை மூன்றுக்கும் ஒரே விடையாக நான் நம்புவது: கருவி ஆருடைய வளவில் இருக்கிறதோ அவரைப் பொறுப்பாளராக்கி, மாதாந்தம் ஒரு கொடுப்பனவு கொடுப்பது. பாடசாலை, கோயில், தேவாலய வளவுகள் மிகப் பொருத்தம். முள்ளுக்கம்பி அதற்குப் பிறகுதான்.

படி 6: மேலிருந்து பார்ப்பது

மாரியில் வானம் மூடியிருக்கும். அந்த நாட்களில் ஒளிப்படச் செய்மதிகள் முகிலைத்தான் காட்டும். சென்டினல்-1 போன்ற ராடார்ச் செய்மதிகள் முகிலையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும், தரவும் இலவசம். அமைதியான நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும்.

இங்கேதான் விவசாய பீடம் இல்லாமல் நகர முடியாது. நவம்பரில் வன்னி வயல்களில் தண்ணீர் கட்டி நிற்பது வெள்ளமல்ல, பயிர்ச்செய்கை. ராடாருக்கு இரண்டும் கறுப்பு. எந்தத் துண்டில் புழுதி விதைப்பு, எந்தத் துண்டில் சேற்று விதைப்பு, எப்போது விதைத்தார்கள் என்ற விபரத்தைக் கமக்கார அமைப்புகளிடமிருந்து வாங்கி வரைபடத்தில் போட்டால்தான் மேலதிகமாக வந்த தண்ணீரைப் பிரிக்கலாம். சுண்டிக்குளத்துப் பக்கத்துத் தரவைகளும் (திறந்த வெளி நிலங்கள்) காய்ந்து மட்டமாகக் கிடக்கும்போது நீர்போலவே கறுத்துத் தெரியும். கோடைப் படத்தை அடிப்படையாக வைத்துக் கழித்துப் பாருங்கள்.

செய்மதி ஒரு இடத்துக்கு மேலால் சில நாட்களுக்கு ஒருமுறைதான் போகும். வெள்ளத்தின் உச்சி அதற்கிடையில் வந்து போயிருக்கலாம். உச்சியைச் சொல்வது சுவரிலுள்ள கறை.

படி 7: வீட்டு வாசலில்

வெள்ளம் வடிந்து இரண்டு கிழமைக்குள் போய்ச் சுவர்க்கறைகளை அளந்துவிடுங்கள். தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். கறையின் உயரத்தை நிலத்திலிருந்து அளந்து, படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளி குறித்து, பிறகு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

படிவத்தோடு தொடங்கும் மாணவன் "எத்தனை அடி தண்ணி வந்தது அம்மா?" என்று கேட்பான். அவர் விரலால் சுவரைக் காட்டுவார், பதில் முடிந்தது. "தண்ணி எந்தப் பக்கத்தால வந்தது?" என்று கேட்டால் கதை மாறும். "ஆத்துப் பக்கத்தால எண்டுதான் தம்பி எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டம். அது பின்னால வயல் பக்கத்தால வந்திட்டுது. றோட்டு உயத்தினாப் பிறகு அந்தப் பக்கத்துத் தண்ணி போக வழியில்லை." மதகு போதாமையைப் பற்றிய பொறியியற் கண்டுபிடிப்பு அந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. ஆகவே நேர்காணல் குழுவில் எப்போதும் ஒரு பொறியியல் மாணவரும் இருக்க வேண்டும், பேச்சை நடத்துவது சமூகவியல் மாணவராக இருக்க வேண்டும்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் ஏராளம். வீட்டில் ஆண் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கிணறு எப்போது கலங்கியது, பிள்ளைக்கு எப்போது வயிற்றோட்டம் வந்தது, முகாமில் மலசலகூடம் எப்படி இருந்தது என்பதெல்லாம் பெண்களின் நாட்குறிப்பில் உள்ளவை. கிணறுகளில் மின்கடத்துதிறன், நைத்திரேற்று, மலக்கிருமி ஆகியவற்றை மாரிக்கு முன்னும் வெள்ளம் வடிந்தபின்னும் சோதியுங்கள். வவுனியாப் பக்கக் கருங்கற் பாறை நிலத்தில் புளோரைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோதித்த கிணற்றின் முடிவு அந்த வீட்டாருக்கே முதலில் போக வேண்டும், எளிய தமிழில், ஒரு தாளில்.

இந்த மக்கள் எத்தனையோ நிறுவனங்களின் படிவங்களுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள். "உங்களைப் போல கனபேர் எழுதிக்கொண்டு போனவை" என்று யாரும் சொன்னால் அது நியாயமான சொல். வீட்டின் ஆள்கூற்றை ஏன் குறிக்கிறீர்கள் என்று சந்தேகப்படுவதும் நியாயம். காணிப் பிணக்கும் கண்காணிப்பும் இன்னும் முடியவில்லை. வெளியிடும் வரைபடத்தில் வீடு அடையாளம் தெரியாதபடி புள்ளிகளைத் திரளாகக் காட்டுங்கள், இதை முதலிலேயே சொல்லுங்கள்.

ஊர் நாட்காட்டியையும் பாருங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 இல் மடுத் திருவிழா, விதைப்பு நாட்கள், அறுவடை நாட்கள் எல்லாவற்றையும் விலத்தித்தான் கூட்டம் வைக்க வேண்டும்.

படி 8: தரவை ஒரே இடத்தில் சேர்ப்பது

நிலையத்தின் பெயர், ஆள்கூறு, நேரம், அலகு, அளந்தவர் ஆகிய ஐந்தும் இல்லாத எந்தப் பதிவும் உள்ளே போகக்கூடாது. ஊரின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத ஒரு பட்டியல் தேவை. தமிழில் ஒன்று, திணைக்களக் கோவையில் இன்னொன்று, செய்மதி வரைபடத்தில் வேறொன்று என்று போனால் கணினி மூன்று ஊர் என்றுதான் எண்ணும். மூலப் பதிவில் எவரும் கைவைக்கக் கூடாது, திருத்தம் எப்போதும் பிரதியில். கிளிநொச்சியில் ஒரு பிரதி, பம்பைமடுவில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், களப் படிவத்துக்கு இணைப்பு இல்லாமலும் இயங்கும் கோபோ போன்ற இலவச மென்பொருட்கள் போதும்.

படி 9: மாரி வந்ததும்

ஐப்பசி நடுவிலிருந்து தை வரை இதுதான் உண்மையான பரீட்சை. பல்கலைக்கழகம் வெள்ளத்தால் மூடப்படலாம், மாணவர் ஊருக்குப் போய்விடலாம். ஆகவே இந்த மாதங்களின் அளவீடு மாணவரில் தங்கியிருக்கக் கூடாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த ஊரிலேயே வசிக்கும் அவதானிப்பாளர் இருவர் வேண்டும்: ஒருவர் வெளியேற நேர்ந்தால் மற்றவர். ஆபத்தான நேரத்தில் அளவீடு எடுக்கப் போகக்கூடாது என்பதை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எந்த எண்ணும் உயிருக்கு ஈடல்ல.

இன்னும் கடுமையான ஒரு விதி: பல்கலைக்கழகம் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிடக் கூடாது. அது இடர் முகாமைத்துவ நிலையத்தினதும் உரிய திணைக்களங்களினதும் பொறுப்பு. உங்கள் சென்சர் நள்ளிரவில் அபாய மட்டம் காட்டினால் யாருக்கு முதலில் அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் யாருக்கு, எந்த வசனத்தில் சொல்வது என்பதை ஆவணியிலேயே அவர்களோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். புரட்டாதியில் ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். குழுவில் எவரும் கணினித் திரையைப் படம் பிடித்து முகநூலில் போடக்கூடாது. பிழையான ஓர் எண் ஒரு ஊரையே நள்ளிரவில் தெருவுக்குக் கொண்டுவரும், அதற்குப் பிறகு சரியான எண்ணையும் எவரும் நம்பமாட்டார். அவதானிப்பாளர்களின் கையில் 117 என்ற அவசர இலக்கமும் கிராம அலுவலரின் இலக்கமும் தாளில் எழுதியிருக்கட்டும், தொலைபேசியில் மட்டும் அல்ல.

படி 10: திருப்பிக் கொடுப்பது

சிறுபோகப் (கோடைக்காலப்) பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்குமுன் முதற் கட்ட முடிவுகள் தயாராக வேண்டும். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்பினர் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கும் நாள் அது. பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். சர்வதேசக் கட்டுரை பிறகு வரட்டும்.

களப்பைப் பற்றிய முடிவுகளைக் கடற்றொழிலாளர் சங்கத்தில், மாலையில், அவர்கள் கடலால் வந்து வலை காய்ந்த பிறகு சொல்லுங்கள். கிணறுகளைப் பற்றியதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து சொல்லுங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் பெரிய எழுத்தில் ஒரு வரைபடம் அச்சடித்துப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்டுங்கள்: தண்ணீர் எந்த வரிசையில் ஏறியது, எந்த ஒழுங்கை முதலில் துண்டிக்கப்பட்டது, மேடு எங்கே. ஊரவர் அதில் பேனாவால் திருத்தம் எழுத இடம் விடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து, திருத்தங்களைத் தரவுக்குள் சேருங்கள்.

மூன்றாம் வருடம் நிதி முடியும்போது கருவிகள் யாரிடம் போகும் என்பதை முதல் வருட ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். குளத்து நிலையங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, பாடசாலை மழைமானிகள் பாடசாலைக்கு, களப்பின் உப்புத்தன்மை மானி மீன்பிடியியல் துறைக்கு. கையளிக்கும்போது கருவியோடு உதிரிப்பாகம் ஒரு பெட்டி, தமிழில் எழுதிய பராமரிப்புக் கையேடு, பழக்கப்பட்ட ஆள் ஒருவரின் பெயர் மூன்றும் சேர்ந்து போகட்டும். கையேட்டின் முதற் பக்கத்தில் குளவிக்கூட்டை எப்படிக் கழற்றுவது என்ற படம் இருக்க வேண்டும்.